மூன்று நாளில் நான் மாஸ்டர் ஆன கதை

பயிற்சித் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் நான்கு பேர் இந்த மாதம் எனக்கு வாட்ஸாப்பில் என்.எல்.பி. வகுப்பு விளம்பரங்களை அனுப்பி, "சார், இதுல எந்த சர்டிபிகேட் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் காலை ஆறே முக்காலுக்கு அனுப்பிவிட்டு, சலுகை எட்டு மணியோடு முடிகிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்று பதறியிருந்தார். அந்தப் பதற்றத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகிப்போயிற்று. அச்சு அசல் என் முகம்.

நான் இப்போது ஓய்வில் இருப்பவன். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "எல்லாரும் எழுந்து நில்லுங்க, பக்கத்துல இருக்கறவரைப் பார்த்துச் சிரிங்க" என்று யாரையும் படுத்துவதில்லை. மைசூருக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் ஏற்படவில்லை. ஆனாலும் சில மத்தியானங்களில், அந்தப் பயிற்சி அறையின் மார்க்கர் வாசனையும், சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் அழகும் நினைவுக்கு வந்து என்னவோ செய்யும். ஆகவே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் சாக்கில் கொஞ்சம் பழைய கதை பேசிக்கொள்கிறேன்.

மைசூர் ஹெப்பாள் பக்கம் பம்ப் மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பயிற்சி அதிகாரி. அப்பா தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். அதனால் எனக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பவர்பாயிண்டில் ஆங்கிலம். வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: இனிமேல் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் உள்ள பயிற்சியாளர்களே வகுப்பு எடுக்க வேண்டும். அதில் உதாரணமாக என்.எல்.பி. என்று ஒரு வார்த்தை.

நம் பேச்சும் மனசும் பழக்கமும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன, அதைப் பார்த்து ஒருவரோடு எப்படிப் பழகுவது என்று சொல்லித்தருவதாகச் சொல்லிக்கொள்ளும் பயிற்சி முறை அது. அதற்கு நானே 'நரம்பியல் மொழி நிரலாக்கம்' என்று தமிழ் செய்து எங்கள் தமிழ் ஆட்களிடம் சொல்லிப்பார்த்தேன். வைண்டிங் பிரிவில் ஒருவர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, "இந்த நரம்பு மட்டும் சுருட்டிக்கிட்டு நிக்குது சார், என்ன பண்ணலாம்?" என்று காட்டினார். அதோடு மொழிபெயர்ப்பை விட்டுவிட்டேன்.

என் முன் மூன்று விளம்பரங்கள் இருந்தன. ஒன்று, இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு பொத்தானை அழுத்தினால் வெளிநாட்டிலிருந்து வரும் சான்றிதழ். இரண்டாவது, இங்கேயே சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில், ஐந்து மாதம் ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பு. மூன்றாவது, ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்றே நாள்: பிராக்டிஷனர், மாஸ்டர் பிராக்டிஷனர் இரண்டும் சேர்த்து. தங்க முத்திரை, குழு புகைப்படம், மதியம் விருந்து.

சரஸ்வதிபுரத்துக்கு போன் செய்தேன். வகுப்பை நடத்துபவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். நான் சான்றிதழ் எந்த அளவில் இருக்கும் என்று கேட்டேன். அவர் பதிலுக்கு, "இதைக் கத்துண்டு யார்கிட்ட என்ன பண்ணப் போறேள்?" என்று கேட்டார்.

"ட்ரெயினிங் குடுப்பேன் மேடம்."

"சரி. என் வகுப்புல எத்தனை பேர் தேறலைன்னு கேக்க மாட்டேளா?"

எனக்குச் சுருக்கென்றது. கடைக்கு வந்தவனிடம் எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள் என்று கேட்க மாட்டாயா என்கிற ஹோட்டல்காரரை நீங்கள் பார்த்ததுண்டா? வணக்கம் சொல்லி வைத்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

என் மனைவி பிறந்து வளர்ந்தது மைசூரிலேயே. அவள் தமிழில் ஸ்வல்ப கன்னடம் எப்போதும் மிதக்கும். "மூணு நாள்ல மாஸ்டரா? தோசை மாவு புளிக்கறதுக்கே ஒரு நாள் ஆகுது. ஸ்வல்ப யோசனை பண்ணுங்க" என்றாள்.

"உனக்கு கார்ப்பரேட் தெரியாது" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்ன எந்த ஆணும் நன்றாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

மூன்று நாளும் ஆனந்தம். வெறுங்கையால் ஓடு உடைத்தோம், கட்டிப்பிடித்து அழுதோம், கடைசி நாள் மாலை நெருப்பு மிதித்தோம். எங்கள் அப்பா ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குத் தெருவுக்குப் பத்துப் பேர் தீ மிதிப்பார்கள். ஒருவர்கூடப் பெயருக்குப் பின்னால் மாஸ்டர் என்று போட்டுக்கொண்டதில்லை. நான் போட்டுக்கொண்டேன். அங்கே என்னை மிகவும் கவர்ந்தது கண் படம். ஒருவரின் கருவிழி மேலே இடது பக்கம் போனால் நடந்ததை நினைக்கிறார், மேலே வலது பக்கம் போனால் இல்லாததைக் கட்டுகிறார் என்று அம்புக்குறி போட்ட படம். இதை யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஒப்பட்டு, அதாவது நம் போளி, இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் நான் மனிதர்களின் முகத்தைப் பார்க்கவில்லை, கருவிழிகளைத்தான் பார்த்தேன். பால்காரர், பஸ் கண்டக்டர், மாமியார் யாரும் தப்பவில்லை. "ஏன் இப்படி உத்து உத்துப் பாக்கறார், டாக்டர்கிட்டக் காட்டு" என்று மாமியார் மகளிடம் சொன்னதாகக் கேள்வி.

அந்த நேரத்தில்தான் ஸ்டோர்ஸில் ஒரு பெரிய செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போயிற்று.

அன்றைய ஷிஃப்ட்டில் ஸ்டோர்ஸில் இருந்தவர் மாதேசன். நாற்பது வயது. ஹனூர்ப் பக்கத்துத் தமிழர், ஒப்பந்த ஊழியர், ஒன்பது வருஷ வேலை. இரண்டு மாதத்தில் நிரந்தரமாக வேண்டியவர். திருட்டு என்று பெயர் வந்தால் எங்கள் ஆலை மட்டுமில்லை, அந்த வட்டாரத்தில் எந்த ஆலை வாசலிலும் அவரை உள்ளே விடமாட்டார்கள்.

மனிதவள மேனேஜர் அம்மாள் என்னைக் கூப்பிட்டார். "சார், நீவு என்.எல்.பி. மாடித்தீரல்வா?" நீங்கள் என்.எல்.பி. படித்தவராயிற்றே என்கிறார். "விசாரணையில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். உண்மை சொல்கிறானா என்று மட்டும் சொன்னால் போதும்."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்களோ தெரியாது. நான் தலையைச் சீவிக்கொண்டு போனேன்.

கண்ணாடி அறை. மேனேஜர், குறிப்பு எழுதும் குமாஸ்தா, நான், எதிரே மாதேசன். எங்கள் விசாரணைகளில் ஒரு வழக்கம் உண்டு: குமாஸ்தா தன் காதில் விழுவதை எழுதமாட்டார், மேனேஜர் சுருக்கிச் சொல்வதைத்தான் எழுதுவார். மேனேஜர் கன்னடத்தில் மூன்று கேள்வி கேட்டார். மாதேசன் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் திக்கி, கன்னடத்திலேயே நீளமாகப் பதில் சொன்னார். மூன்று முறையும் அவர் கண் மேலே, வலது பக்கம் போயிற்று. படத்தில் போட்ட அம்புக்குறி அப்படியே உயிர் பெற்று வந்ததுபோல் இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் சந்தனப் பொட்டு வைக்காத ஜோசியன்போல உதட்டைப் பிதுக்குவேன். "திருப்திகரமான பதில் இல்லை" என்று அவர் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

கடைசியில் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். 'உண்மை பேசவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே, அலுவலகத் தாளில் முதல்முறையாக, 'என்.எல்.பி. மாஸ்டர் பிராக்டிஷனர்' என்று எழுதினேன். அழகாக வளைத்து வளைத்து எழுதியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மேனேஜர் அதைக் கோப்பில் கோத்து, சாப்பாட்டுக்குப் பிறகு பணிநீக்கக் கடிதம் தயாராகும் என்றார்.

கேண்டீனில் என் எதிரில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. மாதேசன்.

"சார், நீங்க ஹனூர்ப் பக்கமுங்களாமா?"

"அப்பா ஊரு."

"அப்படிங்களா. ஒண்ணு கேக்கோணுமுங்க. நாஞ் சொன்னது கன்னடத்துல வெளங்குச்சுங்களா?"

"ஏன்?"

"தெருவுல பேசுவனுங்க, சண்டகூடப் போடுவன். பெரியவங்க முன்னால ஒக்காந்தா வார்த்தையெல்லாம் மேல போயி ஒக்காந்துக்குதுங்க. எட்டி எட்டிப் புடிக்க வேண்டியதா இருக்குது." சொல்லும்போது கையால் தலைக்கு மேலே, வலது பக்கம், பரணிலிருந்து எதையோ எடுப்பதுபோல் காட்டினார். "புடிச்சு எறக்கித்தான் சொன்னனுங்க. எல்லாஞ் சொல்லிட்டனுங்கள்ள?"

பிசைந்த சாதத்தைத் தட்டிலேயே விட்டேன். "சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து கழிப்பறைக்குப் போனேன்.

பதற்றம் வந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினால் தன்னம்பிக்கை பொங்கும் என்று மண்டபத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அழுத்தினேன். நகம் வெளுக்கும் வரை அழுத்தினேன். தன்னம்பிக்கை வரவில்லை, கழிப்பறைக்கு வந்த மற்ற காரணம்தான் வந்தது. கண்ணாடியைப் பார்த்து, இன்று காலை என்ன சாப்பிட்டாய் என்று என்னையே கேட்டேன். என் கண் மேலே வலது பக்கம் போயிற்று. சத்தியமாக இட்லி சாப்பிட்டிருந்தேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தாளை அப்படியே விட்டால் மாதேசன் தெருவுக்குப் போவார். திரும்ப வாங்கினால் ஆலையே என்னைப் பார்த்துச் சிரிப்பாய்ச் சிரிக்கும். பயிற்சி அதிகாரி வேலையே ஆட்டம் காணும். ஒரு நல்ல மனிதன் உடனே முடிவெடுத்திருப்பான். நான் சைக்கிள் ஷெட்டுக்குப் போய், அங்கே நின்று, வியர்த்து, பழைய அழைப்புகளைத் தேடி, சரஸ்வதிபுரத்துக்கு போன் செய்தேன். ஏன் அவரைக் கூப்பிட்டேன் என்று இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களில் என்னைப் பாராட்டாத ஒரே நிபுணர் அவர்தான் என்பதாலோ என்னவோ.

ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில், "அந்தக் கண் படம் உண்மையா மேடம்?" என்று கேட்டேன்.

"அதை வெச்சு நான் யாரையும் எடை போட மாட்டேன். அதை அப்புறம் பாத்துக்கலாம். அந்த மனுஷர் என்ன சொன்னார்?"

"முதல் கேள்விக்குக் கண் மேல…"

"கண்ணைக் கேக்கலை. என்ன சொன்னார்?"

நான் யோசித்தேன். ஏதோ ஷிஃப்ட், ஏதோ சக்கரம்.

"ரெண்டாவது கேள்விக்கு?"

சைக்கிள் ஷெட்டில் ஒரு காக்கா கத்தியது. அதற்கும் எனக்கும் அந்த நிமிஷம் ஒரே அளவு விவரம்தான் தெரியும்.

"மூணாவதுக்காவது?"

"தெரியலை மேடம்."

"அப்படின்னா அந்த விசாரணைல நீங்க இருக்கவேயில்லை. அதைப் போய்ச் சொல்லுங்கோ. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்." வைத்துவிட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. கட்டணமும் கேட்கவில்லை.

நான் கண்ணாடி அறைக்குத் திரும்பியபோது கடிதம் தயாராகி மேஜைமேல் இருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட மாதேசனை நிற்க வைத்திருந்தார்கள். பேனா அவர் கையில். அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் மூடியைத் திறந்துவிட்டார், நேரமில்லை.

"மேடம், நான் எழுதின தாளைத் திருப்பிக் கொடுங்க. அது செல்லாது."

"ஏனாயித்து சார்?" என்ன ஆயிற்று என்று நிமிர்ந்தார்.

"மூன்று கேள்விக்கும் நான் இவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை."

குமாஸ்தா இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவர் உண்மையான மாஸ்டர்.

"மத்தே ஆ சர்டிபிகேட் யாக்கே சார்?" அப்புறம் எதற்கு அந்தச் சான்றிதழ் என்று கேட்டார் மேனேஜர். முகம் சிவந்திருந்தது.

"கோடெகெ மேடம்" என்றேன். சுவருக்கு.

அவர் சிரிக்கவில்லை. என்னை நன்றாகப் பார்த்தார், பிறகு நாற்காலியைக் காட்டி மாதேசனை உட்காரச் சொன்னார். "தமிழிலேயே சொல்லட்டும். நீங்கள் சொல்லுக்குச் சொல் எனக்குக் கன்னடத்தில் சொல்லுங்கள். வேறு எந்த வித்தையும் வேண்டாம்."

மாதேசன் சொன்னார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னேன். இரண்டாம் ஷிஃப்ட்டில் சோதனைப் பிரிவிலிருந்து இரண்டு பேர் சுருளைக் கேட்டு வந்தார்கள். எடுத்ததற்கான சீட்டை நாளைக்குத் தருகிறோம் என்று சூப்பர்வைசர் போனில் சொன்னார். கொண்டுபோகும்போது ட்ராலியின் முன்சக்கரம் கழன்றுவிட்டது. அதனால் பழைய கம்ப்ரஸர் அறைக்குப் பின்னால் இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். "இதத்தானுங்க காத்தாலயும் சொன்னன்" என்று முடித்தார்.

சோதனைப் பிரிவில் அதுவரை யாரும் யாரையும் விசாரித்திருக்கவில்லை. ஆள் அனுப்பினார்கள். கால் மணி நேரத்தில் போன் வந்தது. சுருள் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது, மேலே ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

காலையில் நான் மாதேசன் கண்ணைப் பார்த்தேன், மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார், குமாஸ்தா மேனேஜர் வாயைப் பார்த்தார். அறையில் கேட்பதற்கு ஆறு காது இருந்தும் ஒன்றும் வேலை செய்யவில்லை. மேனேஜர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். "நானூ கேளிஸ்கொள்ளலில்ல சார்" என்றார், தானும் காது கொடுக்கவில்லை என்று. அதைச் சொன்னதற்காக அவரிடம் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இதை எழுதியிருக்கமாட்டேன். மாதேசன் நிரந்தரமானார், இனிப்புக் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். ஆனால் கொடுக்கும்போது டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து என்னிடம் எப்போது பேசினாலும் தரையைப் பார்ப்பார், அல்லது என் செருப்பைப் பார்ப்பார். மற்றவர்களிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். நான் போனால் பார்வை கீழே இறங்கிவிடும். கோபமெல்லாம் இல்லை. என்னிடம் கண்ணைக் காட்டுவது பத்திரமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். எல்லார் கண்ணையும் துரத்திக்கொண்டு அலைந்த எனக்கு அது எவ்வளவு வலித்தது என்பதை நகைச்சுவையாக எழுத நாலு முறை முயன்று பார்த்தேன். வரவில்லை.

அதன் பிறகுதான் சரஸ்வதிபுரத்து மாடிப்படி ஏறினேன். ஐந்து மாத ஞாயிறுகள். வாழ்க்கையில் நான் மிகவும் திட்டு வாங்கிய, இப்போது நினைத்தால் மிகவும் ஏங்கும் காலம் அதுதான். முதல் நாள் முழுக்க ஒரே பயிற்சி: எதிரில் இருப்பவர் இரண்டு நிமிஷம் பேசுவார், அவர் வார்த்தையிலேயே நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் அரை நிமிஷத்துக்குமேல் தேறவில்லை. மீதி ஒன்றரை நிமிஷத்தில் என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் நடந்த தேர்வில் மேடம் என்னைத் தேறவில்லை என்று எழுதினார். கோபித்துக்கொண்டு கீழே இறங்கி, தெருமுனையில் காபி குடித்து, திரும்ப ஏறினேன். ஆகவே நீங்கள் அனுப்பிய விளம்பரங்களில் தங்க முத்திரையையும் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விட்டுவிட்டு, அவர் என்னைக் கேட்கச் சொன்ன அதே கேள்வியைக் கேளுங்கள். எத்தனை பேர் தேறவில்லை? கூடவே இதையும்: என் எதிரில் உட்கார்ந்து என் தவறைப் பார்ப்பது யார்? இந்த முறையில் எது நிரூபிக்கப்படாதது என்று வகுப்பிலேயே சொல்வீர்களா? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் ஒப்பட்டு நன்றாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இறுதித் தேர்வுக்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். நம்மோடு வேலை செய்யும் ஒருவரை, அவர் சம்மதத்தோடு, அழைத்து வர வேண்டும். ஒரு மணி நேரம் அவர் பேச நாம் கேட்க வேண்டும். மேடம் மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். மற்றவர்கள் நண்பர்களைக் கூட்டி வந்தார்கள். நான் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் போய் நின்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். மாதேசன் பதிவேட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார்.

"ஒரு மணி நேரமுங்களா?"

"ஆமா. இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்."

பேனாவை மூடிப் பதிவேட்டின்மேல் வைத்தார். "நீங்க கண்ண மூடிக்கிட்டு ஒக்காருவீங்கன்னா வர்றனுங்க."

தேர்வில் எதிரில் இருப்பவரின் முகத்தைக் கவனிப்பதற்கு என்றே இருபத்தைந்து மதிப்பெண். அதை மேடத்திடம் சொன்னேன். "அது போயிடும். மீதியை வெச்சுண்டு தேற முடியுமான்னு பாருங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சத்தம் கேட்டது. அதற்குள் நான் கண்ணை மூடிவிட்டேன். முதலில் ட்ராலி சக்கரங்களைப் பற்றிப் பேசினார். பிறகு பஸ் பற்றி. பிறகு, அன்று கேண்டீனில் என்னிடம் பேசிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து, ஸ்டோர்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்ததைப் பற்றி. அதற்கு மேல் அவர் சொன்னதை உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இடையிடையே அவர் வார்த்தைகளிலேயே திருப்பிச் சொன்னேன். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னேன். "அப்படி இல்லீங்க" என்று திருத்தினார். குரல் நேராக என் முகத்துக்கு வந்ததுபோல் இருந்தது, பார்க்கவில்லை, சத்தியமாக.

மூலையில் மேடம் கடிகாரத்தைத் தட்டினார். மணி முடிந்துவிட்டது.

"கண்ணத் தொறக்கலாங்களா?" என்று நான் கேட்டேன்.

"இருங்க சார்" என்றார் மாதேசன். "இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்க."